கை காட்டிய கீரி

மணிகண்டபிரபுவுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒரகடத்தில், கார்க் கதவுக்குக் கைப்பிடி செய்யும் கம்பெனியில் அவன் வெறும் மணி. கான்ட்ராக்ட் ஆள். லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்குகிறவன். செல்போனுக்குள் அவன் ‘சித்திரக்காரன்’. அங்கே அவனை சார் போட்டுக் கூப்பிட்டார்கள். எந்தப் பெயரில் இருக்க அவனுக்குப் பிடித்திருந்தது என்று கேட்கவே வேண்டாம்.

‘துடுக்கன்’ என்றொரு அனிமேஷன் படம். ஒரு கீரிப்பிள்ளையின் கதை. குழந்தைகளுக்காக எடுத்ததுதான். ஆனால் குழந்தைகளைவிட வேலைக்குப் போகிற பையன்களும் பெண்களும்தான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இரண்டாம் பாகமும் வந்து ஓடியது. படம் எடுத்த கம்பெனியே வாலாஜாபாத் ரோட்டில், ஏரியை ஒட்டி, ‘கானகபுரி’ என்று ஒரு தீம் பார்க்கைத் திறந்தது. அதற்குப் பக்கத்திலேயே பாம்புப் புற்று வடிவத்தில் ஒரு ரிசார்ட்டும் எழும்பத் தொடங்கியது. இதையெல்லாம் பற்றிச் சண்டை போடுவதற்கென்றே டெலிகிராமில் ‘கானகபுரி ரசிகர் பேரவை’ என்று ஒரு குழு. முதல் பாகத்தில் கையால் வரைந்த கண் உசத்தியா, இரண்டாம் பாகத்தில் கம்ப்யூட்டர் போட்ட ரோமம் உசத்தியா? ரிசார்ட்டுக்காகப் படகு சவாரியை எடுத்தது துரோகமா, புத்திசாலித்தனமா? புற்றின் உச்சியில் நீச்சல் குளம் வைத்தால் அப்புறம் அது என்ன புற்று? சொத்துத் தகராறில் அண்ணன் தம்பிகூட இவ்வளவு ஆவேசமாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

இந்தச் சண்டைகளில் சித்திரக்காரன் சொல்லுக்கு எடை உண்டு. மணி அந்தப் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவன். பாலிடெக்னிக்கில் படித்த வரைபட அறிவும் இருந்ததால், ரிசார்ட் விளம்பரத்தில் வந்த படத்தை வைத்தே எந்த அறையிலிருந்து ஏரி தெரியும், எந்த அறையிலிருந்து ஜெனரேட்டர் கொட்டகை தெரியும் என்று கோடு போட்டுக் காட்டுவான். குழுவை நடத்துகிற கவியா சென்னையில் கல்லூரி ஆசிரியை. ‘சார் ஏதோ டிசைன் கம்பெனியில் இருக்கிறார் போல’ என்று அவள் ஒருமுறை எழுதினாள். மணி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு சிரிப்பு பொம்மையைப் போட்டுவிட்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டான். வாயைத் திறக்காமல் பொய் சொல்ல நினைக்கிறவர்களுக்கு அந்தச் சிரிப்பு பொம்மை பெரிய வசதி.

வல்லத்தில் தேவராஜன் என்பவர் வீட்டு மாடியில் அவனுக்கு அறை. கூட இருந்தவன் உச்சிமாகாளி, மணிக்கு மூத்தவன், விளாத்திகுளம் பக்கத்து ஆள். மணிக்குச் சங்கரன்கோவில். இருவரும் ஒரே லைனில் எதிரெதிரே நின்று வேலை பார்த்தவர்கள். போன ஆடியில் உச்சிமாகாளியின் கான்ட்ராக்ட் முடிந்தது, கம்பெனி புதுப்பிக்கவில்லை. கொஞ்ச நாள் சும்மா இருந்தான். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடோனில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். காலையில் போனால் இருட்டிய பிறகு வேர்வையில் தொப்பலாக நனைந்து வருவான். கழுத்தெல்லாம் வேர்க்குரு. குடோனில் ஃபேன் இல்லையா என்று கேட்டால், இல்லை என்பான்.

அந்தச் சமயத்தில்தான் உச்சிமாகாளிக்குத் திடீரென்று துடுக்கன் மேல் ஆசை வந்தது. அதுவரை மணி படம் போட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறவன், இப்போது கூட உட்கார்ந்து பார்த்தான். கேள்வி கேட்டான். கீரி திரும்பும்போது முதலில் தலை திரும்புமா, தோள் திரும்புமா? ஓடி வந்து நிற்கும்போது வால் என்ன செய்யும்? மணிக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் கழித்து ஒருத்தனை வழிக்குக் கொண்டுவந்துவிட்ட பூரிப்பு. இடுப்பை ஒடித்து, ஒரு தோளை முன்னால் தள்ளி, துடுக்கன் நடையை அந்தச் சின்ன அறையில் நடந்து காட்டினான். உச்சிமாகாளி பின்னாலேயே நடந்தான். வேடிக்கைக்குத்தான் என்று மணி நினைத்தான். தினமும் நடந்தார்கள். கீழேயிருந்து தேவராஜன், “இன்னாபா, மேல மாடு கட்டி வெச்சிகினு கீறீங்களா?” என்று சத்தம் கொடுக்கும்வரை நடந்தார்கள்.

மணியின் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஜப்பான்காரர்கள் கொண்டுவந்தது. ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஓடுவதால், உள்ளே எந்தப் பாதையைத் தாண்டுவதானாலும் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். வலது கையை நீட்டி, விரலால் இடது பக்கம் காட்டி ‘ஓகே’, வலது பக்கம் காட்டி ‘ஓகே’, நேரே காட்டி ‘ஓகே’ என்று சொல்லிவிட்டுத்தான் காலெடுத்து வைக்கலாம். காட்டாதவன் பெயர் போர்டில் ஏறும். சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் சிரிப்பு வரும். போகப் போகக் கை தானாக எழும்பும். வெளியே டீக்கடைக்குப் போக ரோட்டைத் தாண்டும்போதும் எழும்பும். இந்தப் பக்கத்தில் ரோட்டோரம் நின்று காற்றில் விரலை நீட்டுகிறவனைப் பார்த்தால், எந்த மாதிரி கம்பெனியில் வேலை பார்த்தவன் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுவில் ஒரு வீடியோ வந்தது. கானகபுரியில் சாயங்கால ஊர்வலம். துடுக்கன் வேஷம் போட்ட ஆள் பரிசுக் கடையிலிருந்து நீரூற்றுப் பக்கம் துள்ளிக்கொண்டு வருகிறான். குறுக்கே பேட்டரி கார் ஓடும் பாதை. துடுக்கன் என்றால் எதையும் பார்க்காமல் பாய்கிறவன், படத்தின் உயிரே அதுதான். ஆனால் இந்தத் துடுக்கன் பாதை ஓரத்தில் சட்டென்று நின்றான். ரோமம் வைத்த வலது கையை நீட்டினான். இடது பக்கம் காட்டினான், வலது பக்கம் காட்டினான், நேரே காட்டினான். அப்புறம் தாண்டினான்.

இது என்ன, புதுப் படத்துக்கான ரகசியக் குறிப்பா என்று குழுவில் விவாதம் கிளம்பியது. மூன்றாம் பாகத்தில் துடுக்கன் மந்திரம் கற்றுக்கொள்கிறான் என்று ஒருவர் சத்தியமே செய்தார். அன்றும் ஓவர்டைமில் இருந்த மணி, லைனில் இடைவேளை விட்டதும் போனை எடுத்துப் பார்த்தான். பார்த்ததும் புரிந்துவிட்டது. குழுவிலேயே தனக்கு மட்டும்தான் இது தெரியும் என்பதும் கூடவே புரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் கை பரபரத்தது. எழுதினான்:

‘மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வேலை விஷயமாக ஒரகடம் போனபோது இதைப் பார்த்திருக்கிறேன். ஃபேக்டரிக்குள் ரோடு தாண்டும்போது இப்படித்தான் கை காட்டச் சொல்வார்கள். பயிற்சி பெற்ற கலைஞர்கள் என்று விளம்பரம் செய்தார்களே, உள்ளே இருப்பது ஒரு கான்ட்ராக்ட் லேபர். நடையைப் பாருங்கள். கீரி நடையா அது? டிராலி தள்ளுகிற நடை. அடுத்து துடுக்கன் பாம்பிடம் கேட் பாஸ் கேட்பான்.’

கான்ட்ராக்ட் லேபர் என்று எழுதும்போது அவன் விரல் ஒரு கணமாவது தயங்கியிருக்கலாம். தயங்கவில்லை.

அது பற்றிக்கொண்டது. வீடியோவையும் அவன் எழுதியதையும் சேர்த்து யாரோ பரப்பிவிட்டார்கள். துடுக்கன் தலையில் ஹெல்மெட் வரைந்தார்கள், கழுத்தில் அடையாள அட்டை மாட்டினார்கள். இரண்டு நாளில் அது தேவராஜன் போனுக்கே வந்து சேர்ந்தது. மாடிக்கு ஏறிவந்து இருவருக்கும் காட்டினார்.

“இந்தக் கீரிய பார்த்தியாபா மணி? உங்க கம்பெனிக்காரன் மாதிரியே கைய காட்டிக்கினு போவுது.”

மணி சிரித்தான். எழுதியது நான்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. சித்திரக்காரன் டிசைன் கம்பெனிக்காரன் ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டான். உச்சிமாகாளியும் சிரித்தான். கொஞ்சம் லேட்டாகச் சிரித்தான். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

அந்த வாரமே கானகபுரி அலுவலகத்திலிருந்து சித்திரக்காரனுக்குத் தனியாகச் செய்தி வந்தது. ரிசார்ட் திறப்பதற்கு முன்னால் தேர்ந்தெடுத்த ரசிகர்களுக்கு மட்டும் ஒரு நாள் சுற்றிக் காட்டுகிறார்கள், உங்கள் கூர்மையான பார்வையை மதிக்கிறோம், துணைக்கு ஒருவரையும் அழைத்து வரலாம். மணி அதை எத்தனை முறை படித்தானோ. உச்சிமாகாளியிடம், குழுவில் குலுக்கலில் பாஸ் விழுந்ததாகச் சொன்னான். “அண்ணே, நீயும் வரணும். நீயும் இப்ப ரசிகன்தான” என்றான். உச்சிமாகாளி பார்க்கலாம் என்றான்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது உச்சிமாகாளி அறையில் இருந்தான். அந்த நேரத்தில் இருக்க மாட்டான். சட்டையில்லாமல் குப்புறப் படுத்திருந்தான். முதுகு முழுக்க வேர்க்குரு வெடித்துச் சிவந்திருந்தது. என்ன அண்ணே என்று மணி கேட்டதற்கு எழுந்து உட்கார்ந்து, சிரிக்கப் பார்த்தான்.

“வேலை போச்சுல.”

குடோனா என்றான் மணி.

“குடோனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தக் கீரி நான்தாம்ல.”

மணிக்கு உடம்பு முழுக்கக் கூசியது. உச்சிமாகாளி சொல்லிக்கொண்டே போனான். கான்ட்ராக்டர் ஒருத்தன் மூலம் சேர்ந்தானாம். தேர்வு வைத்தபோது மணி நடந்து காட்டியதை நடந்தானாம், உடனே எடுத்துக்கொண்டார்களாம். பொம்மைக்குள் வெந்து போகும், ஆனால் பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது நன்றாக இருக்குமாம். ஊரில் பெண் பார்க்கிறார்கள், பொம்மைக்குள் இருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? மணியிடமாவது சொல்லியிருக்கலாம். “ஆனா வேஷம் கட்டுதவனப் பார்த்தாலே நீ கேலியா ஒரு சிரிப்பு சிரிப்ப” என்றான். அன்றைக்குப் பேட்டரி கார் சத்தம் கேட்டதும் கை தானாக எழும்பிவிட்டதாம். வீடியோ பரவியதும் மேலிடத்தில் கேள்வி வந்து, கான்ட்ராக்டரிடம் ஆளை மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு போனை எடுத்து நீட்டினான். சூப்பர்வைசர் அனுப்பியதாம். மணி எழுதியதே மணியின் முன்னால் இருந்தது.

“இவன் யாருன்னு தெரியுமால? நீ அந்தக் குழுவுல படிக்கத்தான செய்யுத. ஒரகடத்துக்கு வேலை விஷயமா வந்தானாம். பொய்யி. நம்மள மாதிரி அந்தக் கோட்டுல நின்னு கை காட்டினவனாத்தான் இருக்கணும். வெளிய இருந்து பார்த்தவனுக்கு அது இப்படித் தெரியாது.”

சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. மணி வாயைத் திறந்தான்.

“தெரியாதுண்ணே” என்றான்.

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. உச்சிமாகாளி தனக்காகத்தான் மணி வருத்தப்படுகிறான் என்று எண்ணி, அவனுக்கு ஆறுதல் சொன்னான். வேறு வேலை கிடைக்காமலா போகும் என்றான். மணி அவன் முதுகில் பவுடர் போட்டுவிட்டான். அந்த வேர்க்குருவின் மேல் தன் கை படுவதே மணிக்குத் தாங்கவில்லை. தான் ஒரு அற்பப் பயல் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் வாய் வரவில்லை. குழுவில் அன்று நீச்சல் குளத்துக்கு நீலக்கல்லா பச்சைக்கல்லா என்று சண்டை. சித்திரக்காரன் சார் எங்கே என்று கவியா இரண்டு முறை கேட்டிருந்தாள்.

சுற்றிக் காட்டும் நாள் வந்தது. போக வேண்டாம், தலைவலி என்று மணி சொல்லிப் பார்த்தான். உச்சிமாகாளி ஏற்கனவே சட்டையைத் தேய்த்து வைத்திருந்தான். “ஒரு தடவையாவது முன்வாசல் வழியாப் போணும்ல. நான் போனதெல்லாம் லோடு வண்டி போற வாசல்” என்றான். ஷேர் ஆட்டோவில் போகும்போது, அங்கே யாராவது பெரிய ஆளைப் பார்த்தால் தனக்காக ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கச் சொன்னான். ரசிகர்கள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள் என்பது அவன் நம்பிக்கை. கேட்கிறார்கள் என்பதை அவன்தான் அனுபவத்தில் பார்த்துவிட்டானே.

வாசலில் பந்தல் போட்டு மேஜை வைத்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் கழுத்தில் சௌந்தர்யா என்று அட்டை தொங்கிய பெண். கையில் கட்ட நாடாவும் சட்டையில் குத்த ஒரு பட்டையும் கொடுத்துக்கொண்டிருந்தாள். பட்டையில் அவரவர் குழுப் பெயர் அச்சடித்திருந்தது. மணிக்கு அது அப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு முன்னால் நின்றவர்கள் தங்கள் பெயர்களைச் சொல்லி, ஒருவரையொருவர் அடையாளம் கண்டு, ஓ நீங்கதானா என்று கட்டிக்கொண்டார்கள். மணியின் முறை வந்தது.

“உங்க க்ரூப் பேரு சொல்லுங்க சார்.”

உச்சிமாகாளி தோளை ஒட்டி நின்றான். திரும்பி நடந்துவிட்டால் போதும், விஷயம் அங்கேயே புதைந்துவிடும். வயிற்றைக் கலக்குகிறது என்றால் உச்சிமாகாளி நம்புவான், அவனே ஆட்டோவும் பிடிப்பான். அதுதான் மணியைக் கொன்றது. என்ன சொன்னாலும் நம்புவான்.

“சொல்லுல. ஏன் முழிக்க?” என்றான் உச்சிமாகாளி.

“சித்திரக்காரன்” என்றான் மணி.

சௌந்தர்யா முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கீரி வீடியோவின் ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் நீங்கள்தானா, எங்கள் ஆபீஸில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம் என்றாள். பட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். துணைக்கு வந்த சாருக்கு என்று உச்சிமாகாளியின் மணிக்கட்டில் நாடாவையும் கட்டினாள். உச்சிமாகாளி கையை நீட்டியபடி நின்றான். அவள் கட்டி முடித்த பிறகும் அந்தக் கை அப்படியே இருந்தது.

இருவரும் பந்தலுக்கு வெளியே ஒதுங்கினார்கள். மணி தரையைப் பார்த்தான். திட்டுவான், அறைவான் என்று காத்திருந்தான், அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. உச்சிமாகாளி மணிக்கட்டில் இருந்த நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“கை காட்டுனது என் தப்பு. அத விடு” என்றான் கடைசியில். “நடையும் சரியில்லன்னு எழுதியிருந்தியே. அது நெசமால?”

“இல்லண்ணே.”

“பெறகு?”

“நடை நல்லாத்தான் இருந்துச்சு. படத்துல இருக்க மாதிரியே இருந்துச்சு. சிரிப்பாங்கன்னு எழுதினேன்.”

உச்சிமாகாளி தலையை ஆட்டிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் மாறவில்லை. “அப்ப அதையும் அங்க எழுது. நான் உள்ள போய்ப் பார்த்துட்டு வாரேன். நீ வராத” என்றான். முன்வாசல் வழியாக அவன் மட்டும் போனான்.

மணி சுவரோரம் நின்று எழுதினான். டிசைன் கம்பெனி இல்லை, நானும் கான்ட்ராக்ட் லேபர்தான் என்று எழுதினான். அந்தக் கை எனக்குத் தெரிந்தது நானும் தினம் அப்படிக் காட்டுவதால்தான். வேஷத்தில் இருந்தவர் என் அறையில் இருப்பவர், நடையில் ஒரு குறையும் இல்லை, சிரிப்புக்காகப் பொய் எழுதினேன், அதனால் அவர் வேலை போய்விட்டது. அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். ஒருவர் சிரிப்பு பொம்மை போட்டார். இன்னொருவர், பாஸ் கிடைத்ததும் சார் காமெடி பண்ணுகிறார் என்றார். அதற்குள் உள்ளே போனவர்கள் ரிசார்ட் அறைகளின் படங்களை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். குளியலறைக் கதவில் பாம்புச் சட்டை வரைந்தது படத்துக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று சண்டை கிளம்பியது. மணி எழுதியது மேலே போய், இன்னும் மேலே போய், தேடினால்தான் கிடைக்கும் இடத்துக்குப் போய்விட்டது. கவியா மட்டும் தனியாக, ‘உண்மையா?’ என்று கேட்டாள். ஆமாம் என்றான். அதற்கப்புறம் அவளும் ஒன்றும் எழுதவில்லை.

உச்சிமாகாளி வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கையில் நாடா அப்படியே இருந்தது. எழுதியாயிற்றா என்று கேட்டான். மணி ஆயிற்று என்றான். என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றான். உச்சிமாகாளி சரி என்றான். இருவரும் ரோட்டோரமாக ஆட்டோ நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் உச்சிமாகாளி நின்றான்.

“என் எடத்துல புதுசா ஒருத்தன் கெடக்கான் உள்ள. பாவம், நடையே வரல அவனுக்கு.” பிறகு மணியின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். “அதப் போய் எழுதிராதல.”

எழுத மாட்டேன் என்று சொல்ல மணி வாயெடுத்தான். அந்த வார்த்தையை உச்சிமாகாளி நம்ப வேண்டிய அவசியம் இனி இல்லை என்பது புரிந்து, பேசாமல் பின்னால் நடந்தான்.